கும்பகோணத்துப் போனும் டர்பன் டவரும்

போனை வாங்கியது கும்பகோணத்தில், பதினாலாயிரம் ரூபாய்க்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயிலுக்கு நாயனம் வாசிக்க 2023 தொடக்கத்தில் ஒப்பந்தம் கிடைத்தது. விசா வந்த கையோடு போய் வாங்கினேன். கடைத் தம்பி, "இது உலகம் பூரா எடுக்கும்ணே" என்று சூடம் அணைக்காத குறையாகச் சொன்னான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் உலகம் நாச்சியார்கோயிலோடு முடிகிறது. அன்றைக்கு என் உலகமும் மீனம்பாக்கத்தைத் தாண்டியதில்லை.

இரண்டரை வருடம் அந்தப் போனோடு டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் குடித்தனம் நடத்தியாகிவிட்டது. திரை நன்றாக இருக்கிறது. படம் சுமாராக எடுக்கும். பேட்டரி மட்டும் சொக்கத் தங்கம், ஒன்றரை நாள் நிற்கும். இதையெல்லாம் எந்த விமரிசனத்திலும் படித்துக்கொள்ளலாம். இந்தியாவில் வாங்கிய போன் தென்னாப்பிரிக்க டவரோடு எப்படிச் சேருகிறது, எங்கே முறைத்துக்கொள்கிறது என்பதை யாரும் எழுதவில்லை. அர்ச்சகர், சமையல்காரர், ஐடி பிள்ளைகள் என்று நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பெட்டியில் ஒரு போனோடுதான் வந்து இறங்குகிறார்கள். அவர்களுக்காக இது.

முதல் சிம்மின் கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாதிக் குற்றம் என் போனுடையது, அது பின்னால்தான் தெரிந்தது. இங்கே சிம் வாங்குவது பெரிய காரியமில்லை, ஆனால் அதை 'ரைக்கா' செய்யாமல் வேலை செய்யாது. ரைக்கா என்பது ஒரு சட்டத்தின் சுருக்கப் பெயர். 2009 ஜூலையிலிருந்து எந்த சிம்மாக இருந்தாலும் அடையாளமும் முகவரியும் காட்டிப் பதிய வேண்டும். எனக்குப் பாஸ்போர்ட்டும், கோயில் கமிட்டி கொடுத்த முகவரிக் கடிதமும் போதுமானதாக இருந்தது. 'சிம்மை ரைக்கா பண்ணியாச்சா?' என்று வினைச்சொல்லாகவே புழங்குகிறார்கள்.

கமிட்டி கொடுத்த அறை கோயிலுக்குப் பின்னால், சரிவில் இருக்கிறது. சாட்ஸ்வொர்த்தே மேடும் பள்ளமுமான ஊர். அறைக்குச் சிமெண்டுத் தளம், தடித்த சுவர், கிழக்கே ஒரு சன்னல். அந்தச் சன்னல் கம்பியோரம் மட்டும் 4ஜி வரும். கட்டிலுக்கு வந்தால் 3ஜி, குளியலறைப் பக்கம் போனால் 'இ' என்ற எழுத்து, அதாவது 2ஜி. அம்மாவிடம் பேசுவதற்கு எனக்கு வாய்க்கிற நேரம் காலை ஐந்து மணிதான். ஊரில் அப்போது எட்டரை, அவள் காப்பி குடித்து முடித்திருப்பாள். சாயங்காலப் பூஜை முடிந்து கூப்பிடலாம் என்றால் அங்கே பதினொரு மணி ஆகிவிடும். ஆக, ஜூலை மாதக் குளிரில், சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வாட்ஸ்அப் பேசியவன் நான். "ஏண்டா ஜெயில்ல இருக்கிற மாதிரி தெரியுது?" என்று அம்மா ஒரு நாள் கேட்டேவிட்டாள்.

கம்பெனியின் உதவி எண்ணுக்கு மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும், போனை அணைத்துப் போடுங்கள், சிம்மைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள் என்றார்கள். மூன்றாவது தடவை பேசிய பெண், எங்கள் வரைபடத்தில் உங்கள் தெரு முழுக்கக் கவரேஜ் இருக்கிறது என்றாள். வரைபடத்தில் என் தெரு இருந்தது. என் போன் இல்லை.

முதல் சில மாதம் பழியை மின்சாரத்தின் மேல் போட்டேன். 2023இல் நாடு முழுக்க லோட் ஷெட்டிங் உச்சத்தில் இருந்தது. மின்சாரம் போனால் டவர் பேட்டரியில் ஓடும். அது மறுபடி முழுதாக ஏறுவதற்குள் அடுத்த வெட்டு வந்துவிட்டால் டவரும் படுத்துவிடும். போதாக்குறைக்கு அந்தப் பேட்டரிகளைத் திருடுகிற கூட்டம் வேறு. சரி, ஊர் தலையெழுத்து என்று இருந்தேன். 2024 மார்ச் கடைசியில் வெட்டு நின்றது. என் சன்னலோர வாழ்க்கை நிற்கவில்லை.

துப்பு கொடுத்தது தவில் அண்ணன். மன்னார்குடிக்காரர், எனக்கு முன்பே வந்தவர், பக்கத்து அறை. அதே கம்பெனி சிம்தான் அவருக்கும். ஆனால் போன் இங்கே டர்பனில் வாங்கியது. அவர் கட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு யூடியூபில் பட்டிமன்றம் பார்க்கிறார். ஒரு நாள் என் சிம்மைக் கழற்றி அவர் போனில் போட்டோம். குளியலறையில்கூட 4ஜி நின்றது. அவர் சிம் என் போனுக்கு வந்ததும் அதுவும் சன்னலுக்கு ஓடியது. "தம்பி, சீவாளி நல்லாத்தான் இருக்கு, நாயனந்தான் சரியில்ல" என்றார். சீவாளி என்பது நாயனத்தில் வாய் வைத்து ஊதுகிற நாணல் துண்டு.

அப்புறம்தான் அந்தக் கடைக்குப் போனேன். சாட்ஸ்வொர்த்தில், ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தருகிற ஒரு 'பன்னி சாவ்' கடைக்கும் பூக்கடைக்கும் நடுவே, ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அளவு இடம். நடத்துகிறவர் ஐம்பது வயது அக்கா. நாலு தலைமுறையாக இந்த ஊர். தமிழ் என்று அவரிடம் மிஞ்சியிருப்பது 'வாங்க, ஒக்காருங்க, சாப்டீங்களா, தம்பி' அவ்வளவுதான். மீதியெல்லாம் இங்கிலீஷ். அந்த நாலு சொல்லை வைத்தே வந்தவரை உட்கார வைத்துவிடுகிறார். கடையில் எந்தக் கம்பெனியின் பெரிய பலகையும் இல்லை. எல்லாக் கம்பெனி சிம்மும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடக்கின்றன.

அக்கா என் போனைத் திறக்கக்கூட இல்லை. பின்பக்கம் இருந்த மாடல் எண்ணைப் படித்தார், கணினியில் தேடினார், ஒரு பழைய ஏர்டைம், அதாவது ரீசார்ஜ், சீட்டின் முதுகில் எழுதினார்: 1, 3, 5, 8, 40, 41. அதன் கீழே, இந்த ஊர் டவர்களுக்கு, இன்னொரு வரி: 1, 3, 8, 20, 28, 40, 41. மேல் வரியில் இல்லாத இரண்டைச் சுழித்தார். "20ம் 28ம் உன் போனில் இல்லை, தம்பி. உன் சுவருக்குள் நுழைகிறவை அவைதான்."

அந்த எண்கள் 4ஜி பேண்டுகளின், அதாவது அலைவரிசைத் துண்டுகளின், வரிசை எண்கள். 3 என்றால் 1800 மெகாஹெர்ட்ஸ், 8 என்றால் 900, 20 என்றால் 800, 28 என்றால் 700, 40 என்றால் 2300. நம் ஊரில் ஜியோவின் 4ஜி 3, 5, 40 ஆகியவற்றில் ஓடுகிறது. 5 என்பது 850. வீட்டுக்குள் புகுந்து வருகிற வேலையை அங்கே அது செய்கிறது. அதனால் நம் ஊருக்காகச் செய்கிற போனில் 5ஐ மறக்காமல் வைப்பார்கள், 20ஐ யார் வைப்பார்கள்? இங்கே அந்த 5க்குச் செல்போன் பக்கம் வேலையே இல்லை. என் போனில் 8 இருக்கிறதே என்று கேட்டேன். 900 இங்கே வெகுகாலம் 2ஜி, 3ஜிக்கே பிழைப்பாக இருந்தது, 4ஜியை அதில் அங்கங்கேதான் ஏற்றியிருக்கிறார்கள் என்றார் அக்கா.

இது எங்கள் தொழில்காரனுக்குச் சட்டென்று பிடிபடுகிற விஷயம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே, இரண்டு சுவர் தள்ளி நின்று பாருங்கள். தவிலில் முதலில் கேட்பது தொப்பிப் பக்கத்துக் கனத்த அடிதான். வலந்தலைப் பக்கத்துக் கூரிய விரல் வேலையெல்லாம் சுவரோடு நின்றுவிடும். அலைக்கும் அதே கதைதான். 700இன் அலை நீளம் சுமார் 43 சென்டிமீட்டர், 3500இன் அலை ஒன்பது சென்டிமீட்டர்கூட இல்லை. கீழே உள்ளது தூரம் போகும், சுவருக்குள் வரும், ஆனால் அகலம் குறைவு. மேலே உள்ளது வேகமாக அள்ளிக் கொடுக்கும், சுவரைக் கண்டால் படுத்துவிடும்.

இந்தக் கீழ் அலை இங்கே தாமதமாக வந்த கதையை அக்கா சொன்னார், நானும் பிறகு படித்துப் பார்த்தேன். 700ம் 800ம் பழைய அனலாக் தொலைக்காட்சி உட்கார்ந்திருந்த இடம். அதைக் காலி செய்வது வருடக்கணக்காக இழுத்தது. கோவிட் சமயத்தில், 2020இல், இக்காசா என்ற ஒழுங்குமுறை ஆணையம் தற்காலிகமாகக் கொஞ்சம் அலைவரிசை கொடுத்தது. 2022 மார்ச்சில்தான் முறையான ஏலம் நடந்தது. மொத்தம் 14.4 பில்லியன் ராண்ட். இங்கத்துக் கம்பெனிகளில் வோடகாமுக்கு 700ம் 2600இல் ஒரு பெரிய துண்டும் போனது. எம்டிஎன்னுக்கு 800, 2600, 3500. டெல்காமுக்கு 800ம் 3500ம். ரெயினுக்கு 700ம் கொஞ்சம் 2600ம். செல் சி 3500இல் ஒரு சிறு துண்டோடு நின்றுகொண்டது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. செல் சி தன் டவர்களை விட்டுவிட்டு எம்டிஎன், வோடகாம் டவர்களிலேயே ஓடுகிறது. அதனால் 'செல் சி எடுக்கிறதா' என்று கேட்பதில் பொருளில்லை, அந்த இடத்தில் யாருடைய டவர் இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

என் போனுக்கு அடித்த ஒரே அதிர்ஷ்டம் 40. 2300 மெகாஹெர்ட்ஸ் இங்கே டெல்காமின் சொந்த நிலம். நம் ஊரிலும் ஜியோ, ஏர்டெல் இரண்டும் அதில் ஓடுவதால் இந்தியப் போன்களில் அது கட்டாயம் இருக்கும். அக்கா டப்பாவிலிருந்து ஒரு டெல்காம் சிம்மை எடுத்து இரண்டாவது இடத்தில் போட்டார். கோயில் வாசலில் வேகம் பிய்த்துக்கொண்டு போனது. திருவாரூரில்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஆனால் 2300ம் உயரமான அலைதான். அறைக்குள் போனால் பழைய கதை. நகரம் தாண்டினால் டெல்காம் மற்றவர் டவரில் ஒட்டிக்கொள்ளும், அங்கே பேண்டு 40 கிடையாது. வெளியே நடமாடுகிற பையன்களுக்கு, இந்தியப் போனோடு வந்தால், நான் முதலில் கை காட்டுவது இதைத்தான்.

பேசுவதில் இன்னொரு சிக்கல். ஜியோவில் 2ஜியும் கிடையாது, 3ஜியும் கிடையாது. 4ஜி போனில் எல்லா அழைப்பும் 4ஜி மேலேயே, வோல்ட்டியில் போகும். அதனால் என் போனுக்கு வோல்ட்டி தெரியும் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன். இங்கே வந்ததும் அது மறந்துவிட்டது. அழைப்பு வந்தால் 4ஜியிலிருந்து 3ஜிக்கு இறங்குகிறது, பேசி முடிக்கும் வரை மேப் ஊர்ந்துதான் நகரும். காரணம் அலைவரிசை இல்லை. எந்தெந்த மாடல், எந்த மென்பொருள் என்று கம்பெனி ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இருக்கிற போனுக்குத்தான் வோல்ட்டி திறக்கும். இந்தியப் பதிப்பு பட்டியலில் இல்லை. சில போன்களில் *#*#4636#*#* என்று அடித்தால் ஒரு ரகசியப் பக்கம் திறக்கும், அதில் எந்த வலையில் இருக்கிறோம் என்று பார்க்கலாம். பார்க்கத்தான் முடியும், பட்டியலில் நம் பெயரை நாமே எழுத முடியாது. ரெயின் வாங்க நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள். அவர்களிடம் 2ஜி, 3ஜி டவரே இல்லை. 2019இல் 5ஜி தொடங்கிய கம்பெனி, வீட்டு இணையத்துக்கு அருமை. ஆனால் வோல்ட்டி திறக்காத போனில் அந்த சிம்மைப் போட்டால் சாதாரண அழைப்புக்கு இறங்க இடமில்லை.

சாலை அனுபவம் தனி. வருடத்துக்கு நாலைந்து தடவை நியூகாசில் கோயிலுக்கு வாசிக்கப் போகிறோம். டர்பனிலிருந்து என்3இல் ஏறி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், மூய் ரிவர், எஸ்ட்கோர்ட், பிறகு லேடிஸ்மித் வழியாக என்11. முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். என்3 முழுக்க லாரிகள், டவருக்குக் குறைவில்லை. மலை மடிப்புகளில் மட்டும் ஒரு நிமிடம் கண்ணாமூச்சி காட்டும். என்11இல் இரண்டு பக்கமும் புல்வெளியாக விரியும்போது என் போன் கையை விரித்துவிடும். எங்கள் வேன் டிரைவர் ஜூலு பெரியவர். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். அதில் மணி அடிக்கும், அவர் பேசுவார். நாங்கள் ஐந்து பேர் ஸ்மார்ட்போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அவரையே பார்ப்போம். 900இல் ஓடுகிற 2ஜிக்கு அவ்வளவு வீச்சு. அவர் காசு போட்டுப் பேசுவதும் அபூர்வம், 'ப்ளீஸ் கால் மீ' அனுப்பிவிடுவார். நம் ஊர் மிஸ்டு காலுக்கு இந்த ஊர் அண்ணன். இலவசக் குறுஞ்செய்தி, 'என்னைக் கூப்பிடு' என்று போகும். வோடகாமில் அந்த யோசனையைச் சொன்ன ஊழியர் என்கோசானா மகாட்டே தனக்கு உரிய பங்கு கேட்டு வருடக்கணக்கில் வழக்காடினார். 2016இல் அரசியல் சாசன நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. டிரைவருக்கு மகாட்டே என்றால் அப்படியொரு பெருமை.

கவரேஜ் இருந்தும் ஒன்றும் நடக்காத நாளும் உண்டு. புனித வெள்ளி அன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஆயிரக்கணக்கில் கூட்டம். எல்லாக் கோடும் நிறைந்து நிற்கும், 4ஜி என்று காட்டும், ஒரு படம் போகாது. அது அலையின் குற்றம் இல்லை, ஒரு சந்தில் ஊரே நுழைகிறது. தவில் அண்ணன் போனும் அன்று படுத்ததைப் பார்த்து, மாரியம்மன் மன்னிக்கட்டும், எனக்கு ஒரு சின்னத் திருப்தி. அமைப்பில் போய் 3ஜிக்கு இறக்கினேன், குறுஞ்செய்தி போய்விட்டது. எல்லாரும் மேலே நெருக்கும்போது கீழே வழி காலியாக இருக்கிறது. இந்த 2ஜி, 3ஜியை மூடுகிற பேச்சு இங்கேயும் நடக்கிறது. மூடினால் எங்கள் டிரைவர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

டேட்டா விலையைப் பற்றி எல்லாரும் புலம்புகிறார்கள். ஜியோ பழகியவனுக்கு முதல் மாதம் நெஞ்சு அடைக்கும், பிறகு பழகிவிடும். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். 2019இலிருந்து, மிச்சமான டேட்டா காலாவதியாகும் முன் அதை நீட்டிக்க வழி கொடுக்க வேண்டும், வாங்கிய டேட்டா முடிந்தபின் கேட்காமல் ஏர்டைமை உருவக் கூடாது என்று இக்காசா விதி போட்டிருக்கிறது. பல பேர் அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமலே அழித்துவிடுகிறார்கள்.

கடைசியில் புதுப் போனே வாங்கினேன். 2,500 ராண்டுக்கு உட்பட்ட ஸ்மார்ட்போன்களுக்கு இருந்த 9 சதவீத ஆடம்பர வரியை 2025 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அக்கா அந்த விலைக்குள் மூன்று போன்களை மேசையில் வைத்தார். பளபளப்பாக இருந்த ஒன்றை நான் எடுக்க, அவர் கையிலிருந்து வாங்கி அப்பால் வைத்தார். அதில் 28 இல்லை. சுமாரான முகம் கொண்ட இன்னொன்றை நீட்டினார். 2,199 ராண்ட். 20 உண்டு, 28 உண்டு, என் கம்பெனியின் வோல்ட்டிப் பட்டியலிலும் உண்டு. படம் என் பழைய போனைவிட மோசமாக எடுக்கும், பேட்டரி சாயங்காலத்துக்குள் சொல்லிக்கொள்ளும். அறையில், கட்டிலில், குளியலறையில் 4ஜி நிற்கிறது. அதே பழைய சிம். உதவி எண்ணில் பேசிய பெண் சொன்ன வரைபடம் பொய்யில்லை என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மூன்று அழைப்பில் ஒரு தடவையாவது 'உங்கள் போன் எங்கே வாங்கியது?' என்று கேட்டிருந்தால் ஒரு குளிர்காலம் மிச்சமாகியிருக்கும்.

கும்பகோணத்துப் போனுக்கு இந்த ஊரில் ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன், அதில் ஒன்று பேட்டரிக்கு. முதல் சிம்முக்கு மூன்று. அக்கா கடைக்கு ஐந்தும். அவர் போனைப் பார்த்துச் சொன்னதற்கு ஒரு சென்ட் வாங்கவில்லை. ஆடி மாதம் கோயிலில் கூழ் ஊற்றியபோது ஒரு வாளி கொண்டுபோய்க் கொடுத்தேன். இங்கே அதற்கு 'போரிட்ஜ் பிரேயர்' என்று பெயர். 'சாப்டீங்களா தம்பி' என்று என்னையே முதலில் உட்கார வைத்துவிட்டார். ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் பெட்டி கட்டும் முன் போன் மாடலின் பேண்டு வரிசையைப் பாருங்கள். 20, 28 இரண்டும் இருந்தால் கொண்டுவாருங்கள். 5ஜி போனாக இருந்தால் 78ம் இருக்கட்டும், 3500 இங்கேயும் அதுதான். இல்லாவிட்டால் அந்தக் காசுக்கு இரண்டு டஜன் சீவாளி வாங்கி வாருங்கள், அது இங்கே கிடைக்காது.

பழைய போனைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. சிம் இல்லாமல் இருக்கிறது. விடியற்காலைச் சாதகத்துக்குச் சுருதி ஆப் ஓடுகிறது, இரண்டு கட்டை. ஏர்பிளேன் மோடில் போட்டு அதே சன்னலில் சாத்தி வைத்துவிடுகிறேன், நடுவில் யாரும் கூப்பிட்டுச் சுருதியை அறுப்பதில்லை.